கேள்வி – பதில்: கடல் கடந்து போகும் மிக்ஸியும் சார்ஜரும்

கோடை விடுமுறையை ஒட்டிப் பிள்ளைகளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வெளிநாடு புறப்படும் பெற்றோர், அலுவலக வேலையாகச் செல்லும் இளைஞர்கள், அங்கிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் மின்சாதனங்களைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போகிறேன். ஆறு மாதம் தங்க வேண்டியிருக்கும். இங்கே நான் பயன்படுத்தும் 750 வாட் மிக்ஸியையே எடுத்துச் செல்லலாம் என்று யூனிவர்சல் அடாப்டர் ஒன்று வாங்கினேன். உலகம் முழுவதும் ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறார். கொண்டுவரவே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, அல்சூர்

மாப்பிள்ளை சொல்வதுதான் சரி. அடாப்டர் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: நம் ஊர் பிளக்கின் உருண்டைப் பின்களை அந்த ஊர் சாக்கெட்டின் தட்டையான துளைகளுக்குள் பொருத்திக் கொடுக்கும். உள்ளே வரும் மின்சாரத்தை அது துளியும் மாற்றாது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு); அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக் பாயிண்டுகளில் கிடைப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நீங்கள் வாங்கிய அடாப்டரின் பின்பக்கத்தில் 110 முதல் 240 வோல்ட் வரை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். அந்த வரிக்குப் பொருள், அவ்வளவு வோல்ட்டை அந்த அடாப்டர் தாங்கும் என்பதுதானே ஒழிய, ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் என்பதல்ல. அதே இடத்தில், 6 ஆம்பியர் அடாப்டராக இருந்தால், 110 வோல்ட்டுக்கு 660 வாட், 230 வோல்ட்டுக்கு 1380 வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். அவை அதன் வழியாக அனுப்பக்கூடிய மின்சாரத்தின் உச்ச வரம்புகள். ஆக, வோல்ட் பொருந்தினாலும்கூட, உங்கள் 750 வாட் மிக்ஸி அமெரிக்காவில் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

வோல்ட் பாதியானால் சக்தியும் பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். சக்தி வோல்ட்டின் இருமடிப்படி குறைகிறது. சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு 230க்குப் பதில் 120 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சூடுதான். (கொசுவிரட்டி மெஷினை மறக்காமல் எடுத்துச் சென்று, அங்கே கொசு போகவில்லை என்று அலுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள், உள்ளே இருக்கும் சின்ன ஹீட்டர் சூடாகவே இல்லை என்பதுதான் காரணம்.) மிக்ஸியின் மோட்டார் விஷயம் இதைவிடச் சிக்கலானது. வெறும் ஜாருடன் அது மெதுவாகச் சுற்றத்தான் செய்யும். அதைப் பார்த்து ஓடுகிறது என்று தோன்றும். தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுக் குமிழைத் திருப்பினால் பிளேடு திணறும், உறுமும், நின்றுவிடும். நின்ற மோட்டாருக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க, அதைக் குளிர்விக்க வேண்டிய உள்விசிறியும் சுற்றாமல் இருப்பதால் சுருள் சூடாகிக் கருகும் வாடை வரும்.

வோல்ட்டை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் தீராதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தீரும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், 750 வாட் மிக்ஸிக்குக் குறைந்தது 1500 வாட் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது இரும்பும் செம்புமாகப் பல கிலோ எடை இருக்கும். கைக்கு அடக்கமாக, இறகுபோல் லேசாக இருந்துகொண்டு அட்டையில் 2000 வாட் என்று போட்டிருக்கும் பயணக் கன்வெர்ட்டர்களை நம்பி மோட்டாரையோ சார்ஜரையோ செருகாதீர்கள். அவை மின்சார அலையை வெட்டிக் கொடுக்கும் வகை, சாதாரண ஹீட்டருக்கு மட்டுமே உதவும்.

என் யோசனை இது: நம் நாட்டு மிக்ஸித் தயாரிப்பாளர்களே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மாடல்கள் செய்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, திரும்பும்போது மகளிடமே விட்டுவிட்டு வாருங்கள். கிரைண்டருக்கு இது இன்னும் கட்டாயம். ஏனென்றால் அதன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது.

போன இடத்தில் கவனிக்க வேண்டியவையும் இரண்டு உண்டு. அமெரிக்க வீட்டு பிளக் பாயிண்டுகளில் நம் ஊர் போல் பக்கத்திலேயே சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. செருகிய நொடியே மின்சாரம் வந்துவிடும். ஆகவே மிக்ஸியின் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். தட்டைப் பின்கள் பாதி வெளியே இருக்கும் நிலையிலும் அவற்றில் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால், எடுக்கும்போது விரல்கள் பிளக்கின் பின்பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்தது, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள பாயிண்டுகளின் நடுவே டெஸ்ட், ரீசெட் என்று இரு சின்னப் பொத்தான்கள் இருக்கும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே அது தானாக அணைந்துவிடும். நம் வீட்டில் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழக்கமாக 30 மில்லி ஆம்பியரில்தான் விழும். பாயிண்ட் செத்துவிட்டது என்று நினைத்து வேறு இடம் தேடாமல், முதலில் சாதனத்தை எடுத்துவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள். அதே சாதனத்தைச் செருகியதும் மீண்டும் விழுந்தால் குற்றம் சாதனத்தில்தான்.

அலுவலக வேலையாக ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போகிறேன். லேப்டாப், செல்போன், டிரிம்மர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றில் எதை எடுத்துச் செல்லலாம்?
— வாசகர், சி.வி. ராமன் நகர்

அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; ஆகவே மின்சாரத்தால் தொல்லை இல்லை, பிளக்கின் வடிவத்தால்தான் தொல்லை. இருந்தாலும் ஒவ்வொரு சார்ஜரின் வயிற்றுப் பக்கத்திலும் உள்ள இன்புட் வரியைப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் சாம்பல் நிற எழுத்தாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சார்ஜர் எந்த நாட்டுக்கும் வரும். 220-240 என்று மட்டும் இருந்தால் அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவான் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அயர்ன் பாக்ஸைப் பொறுத்தவரை யோசிக்க வேண்டியது எர்த். ஜெர்மன் சாக்கெட்டில் எர்த் இணைப்பு துளையில் இல்லை, பள்ளத்தின் மேலும் கீழும் உள்ள உலோகக் கவ்விகளில் இருக்கிறது. மலிவான அடாப்டர்கள் பலவற்றில் அந்தக் கவ்வியைத் தொடும் உலோகமே இருக்காது. நம் பிளக்கின் பெரிய பின் அடாப்டரின் வெற்றுப் பிளாஸ்டிக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அயர்ன் பாக்ஸுக்குள் கம்பி எங்காவது தட்டினால் உலோகத் தகட்டில் வரும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல், தொடுகிறவரின் உடல் வழியாகப் போகும். லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அந்தச் சாதனம் இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவையில்லை. டிரிம்மரும் செல்போன் சார்ஜரும் பெரும்பாலும் அவ்வகை. அயர்ன் பாக்ஸை விட்டுவிட்டுப் போங்கள், ஹோட்டலில் கேட்டால் கொடுப்பார்கள்.

சுவிட்சர்லாந்தின் சாக்கெட் அறுகோணப் பள்ளமாக இருக்கும். ஜெர்மனிக்கென்று வாங்கிய பருத்த வட்ட அடாப்டர் அதில் நுழையாது. லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம் என்பது என் கருத்து. சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைத் தனியே கழற்ற முடிந்தால், அந்த நாட்டு பிளக் உள்ள ஒயரை மட்டும் அங்கே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

துபாயில் தம்பி வீட்டில், இரண்டு பின் சார்ஜர் சாக்கெட்டில் போகாதபோது, மேல் துளைக்குள் பேனாவைச் செருகி அழுத்திக்கொண்டு சார்ஜரை நுழைக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான் என்கிறான். இதில் ஆபத்து உண்டா?
— வாசகர், ராமமூர்த்தி நகர்

உண்டு. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் என்று இந்தச் சாக்கெட் உள்ள எல்லா ஊர்களிலும் நம்மவர் செய்வதுதான் என்பதும் உண்மை. மூன்று செவ்வகத் துளைகள் கொண்ட இந்தச் சாக்கெட்டில் கீழ்த் துளைகள் இரண்டையும் உள்ளே ஒரு சிறு கதவு மூடியிருக்கும். பிளக்கின் மேல் பின் மற்ற இரண்டையும்விட நீளமானது; அது முதலில் உள்ளே போய்க் கதவைத் திறந்த பிறகே மற்றவை நுழைய முடியும். குழந்தை கம்பியைச் செருகினாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பேனாவால் அதை நாமே திறந்துவிடுகிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திறக்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு. செவ்வகப் பின்னைக் கவ்வுவதற்காகச் செய்த தகடுகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் உருண்டைப் பின் தளர்வாகத்தான் நிற்கும். தளர்ந்த இணைப்பில் பொறி தட்டும், பொறி தட்டிய இடம் சூடாகும், நாளடைவில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். இன்னொன்று ஃபியூஸ். பிரிட்டிஷ் முறையில் பிளக்கின் உள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரே வளையத்தில் பல சாக்கெட்டுகளை இணைத்து 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) போடும் வழக்கம் இருப்பதால், மெல்லிய ஒயருக்குப் பாதுகாப்பு அந்த பிளக் ஃபியூஸ்தான். நம் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. பேனா முறையில் செருகிய சார்ஜரின் ஒயரில் கோளாறு வந்தால், எம்சிபி விழுவதற்கு முன்பே ஒயர் எரியக்கூடும்.

ஃபியூஸ் வைத்த அடாப்டர் அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். தம்பி வீட்டுக்கு நான்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எனக்கு ஆஸ்துமா உண்டு. நெபுலைசரை எடுத்துக்கொண்டு கனடா போகிறேன். என் கணவர் தூங்கும்போது மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபேப் இயந்திரம் பயன்படுத்துகிறார். இவற்றுக்கு என்ன செய்வது?
— வாசகி, மல்லேஸ்வரம்

இரண்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள். சிபேப் இயந்திரங்கள் பெரும்பாலும் 100-240 வோல்ட் வகையே; லேபிளை மட்டும் உறுதி செய்துகொண்டு, கனடா பிளக் உள்ள ஒயர் ஒன்றை வாங்கினால் போதும்.

நெபுலைசர்தான் கவலைக்குரியது. இங்கே விற்கும் கம்ப்ரஸர் நெபுலைசர்கள் பல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்தவை. அங்கே 120 வோல்ட்டில் அது ஓடுவதுபோல் சத்தம் போடும், ஆனால் காற்றழுத்தம் போதாமல் மருந்து சரியான புகையாக மாறாது. மூச்சுத் திணறும் நடு இரவில் இது தெரியவருவது ஆபத்து. லேபிளில் 230 மட்டும் இருந்தால், பேட்டரியிலோ யூஎஸ்பியிலோ ஓடும் மெஷ் நெபுலைசர் உங்கள் மருந்துக்கு ஏற்றதா என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அல்லது அங்குள்ள பிள்ளையிடம் சொல்லி அந்த நாட்டு நெபுலைசரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இன்ஹேலரும் மருத்துவரின் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். சிபேப்பையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் அந்த இரவு அவருக்குச் சிரமம்.

ஐரோப்பாச் சுற்றுலாவில் வெந்நீருக்கும் நூடுல்ஸுக்கும் ஹீட்டர் ராடும், சாதம் வைக்கச் சின்ன குக்கரும் கொண்டுபோகலாம் என்று குழுவில் சொல்கிறார்கள்.
— வாசகர், ஃப்ரேசர் டவுன்

குக்கரைப் பற்றி ஹோட்டலின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அறையில் சமைக்க அனுமதி இருக்காது. ஆவி கூரையிலுள்ள புகை உணரியைக் கிளப்பிவிட்டால் கட்டடம் முழுவதும் மணி அடிக்கும்.

ஹீட்டர் ராடு வேண்டவே வேண்டாம். 1500 வாட் ராடு தண்ணீருக்கு வெளியே ஒரு நிமிடம் இருந்தாலும் சிவந்து, படுத்த இடத்தில் மெத்தையோ கம்பளமோ இருந்தால் பற்றவைத்துவிடும். வெந்நீர்க் கெட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஹோட்டல் அறைகளில் கேட்காமலே இருக்கும். அதே பிரிட்டனில் குளியலறைக்குள் சாதாரண பிளக் பாயிண்ட் இருக்காது. கண்ணாடி அருகே இரண்டு துளை உள்ள ஷேவர் பாயிண்ட் மட்டும் இருக்கும். அது ஷேவருக்கும் மின் பல்துலக்கிக்கும் மட்டுமே தாங்கக்கூடிய சிறு டிரான்ஸ்பார்மர் வைத்தது. கூந்தல் உலர்த்தியை அறையில்தான் பயன்படுத்த வேண்டும்.

கெம்பேகவுடா விமான நிலையத்தில் என் செக்-இன் பெட்டியைத் திறக்கச் சொல்லி பவர் பேங்கை எடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு பெரியது எடுத்துச் செல்லலாம்?
— வாசகர், இந்திராநகர்

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் வர வேண்டும். லித்தியம் பேட்டரி கோளாறாகித் தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் பணியாளர் கண்டு அணைக்க முடியும், சரக்கறையில் முடியாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி (லேபிளில் Wh; பேட்டரி சேமித்து வைக்கும் ஆற்றலின் அளவு); 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; அதற்கு மேல் அனுமதி இல்லை. லேபிளில் மில்லி ஆம்பியர் மணி (mAh) மட்டும் இருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட் மணி வரும். அச்செழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடலாம் என்பதால் அதை வீட்டில் வைத்துவிடுங்கள்.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தன. நீங்கள் செல்லும் நிறுவனத்தின் விதியைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலடுக்கில் வைக்காமல் முன் இருக்கைப் பையிலோ கைப்பையிலோ கண்ணெதிரே வைத்திருங்கள்.

ஜப்பானில் 100 வோல்ட் என்கிறார்கள். அமெரிக்காவுக்கு வாங்கியதெல்லாம் அங்கே ஓடுமா?
— வாசகி, ஜெயநகர்

100-240 என்று போட்ட சார்ஜர்கள் ஓடும். அமெரிக்காவின் 120 வோல்ட் ஹீட்டர் வகைகள் சற்று மந்தமாக ஓடும். மூன்று பின் பிளக் பெரும்பாலான சாக்கெட்டுகளில் போகாது, இரண்டு துளைகளே இருக்கும். இன்னொரு வேடிக்கை, ஒரே நாட்டில் டோக்கியோப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாப் பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் விளைவு இன்றுவரை நீடிக்கிறது. சார்ஜருக்கு இதனால் ஒன்றும் இல்லை.

பத்து ஆண்டுகள் கலிபோர்னியாவில் இருந்துவிட்டுப் பெங்களூருக்கே திரும்புகிறோம். அங்கே வாங்கிய மின் பிரஷர் குக்கர், மைக்ரோவேவ், கேக் மிக்ஸர், கூந்தல் நேராக்கி எல்லாவற்றையும் கண்டெய்னரில் ஏற்றலாமா? எஸ்.பி. ரோட்டில் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும் என்கிறார்கள்.
— வாசகர், வொயிட்ஃபீல்டு

இது முதல் கேள்வியின் மறுபக்கம், ஆபத்தும் அதிகம். நம் சாதனம் அங்கே போனால் சோம்பும். அந்த ஊர்ச் சாதனம் இங்கே வந்தால் எரியும். 120 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் குக்கரை 230 வோல்ட்டில் செருகினால், அதன் சுருள் அந்த நொடியில் 3600 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் போனால் நல்ல காலம்.

எஸ்.பி. ரோட்டில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1000 வாட் குக்கருக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மர், அதை வைக்க மேடையில் இடம், அதன் முனகல் சத்தம், இவற்றோடு வீட்டு வேலைக்கு வருபவர் தவறுதலாக நேரே சுவரில் செருகிவிடக்கூடாதே என்ற பயம் எல்லாம் சேர்ந்து வரும். இங்கே அதே குக்கர் 230 வோல்ட்டில் விற்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? மைக்ரோவேவை டிரான்ஸ்பார்மர் வைத்தும் ஓட்ட வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த அதன் உள் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டையும் அங்கேயே விற்றுவிடுங்கள். விலை உயர்ந்த கேக் மிக்ஸர் ஒன்றுக்காக மட்டும் டிரான்ஸ்பார்மர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வாங்கினால் மிக்ஸரின் பிளக்கை வெட்டி இந்தியப் பிளக் மாட்டாதீர்கள்; அமெரிக்கப் பிளக்காகவே இருந்தால்தான் யாரும் அதை எளிதில் நேரே சுவரில் செருகிவிட முடியாது.

கூந்தல் நேராக்கியின் கைப்பிடியில் 120, 240 என்று சின்ன வழுக்கு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கண்டெய்னருக்குக் கட்டும்போதே நாணயத்தின் விளிம்பால் அதை 240க்குத் தள்ளி, மேலே ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.